சாப்பிட்டு முடிக்கட்டும்

மதியத்துக்கு மேல்தான் வண்டி வரும் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். உலையில் அரிசி கொதிக்கும்போதே வந்து வாசலில் நின்றுவிட்டது. தண்ணீர் லாரி என்றைக்காவது நேரத்துக்கு வந்திருக்கிறதா? கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறதா? இது மட்டும் முந்திக்கொண்டு வந்து ஹாரன் அடிக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை அடுப்பு மேடையில் விட்டெறிந்தேன்.

என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போக வந்த வண்டி அது. நினைவு தப்பிப்போன பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. மகள் தூரத்தில் இருந்தபடியே எல்லாம் பேசி முடித்துவிட்டாள். "அம்மா, நீ சரின்னு சொன்னாத்தான்" என்றாள். நான் சரி என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் மோட்டார் மெக்கானிக். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவிடுவார். கை சுத்தம், தொழில் சுத்தம். வாய் மட்டும் சும்மா இருக்காது. யாரைப் பார்த்தாலும், "வாங்க, வாங்க, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்பார். எல்லாரும்தான் சொல்கிறார்கள், பேச்சுக்கு. இவர் நிஜமாகவே சொல்வார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிடுவார். மோட்டார் ரிப்பேருக்குப் போன இடத்திலிருந்து அந்த வீட்டு வாட்ச்மேன், பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்ற ஆள், வழி கேட்டவன், வழி தெரியாதவன், எல்லாரும் எங்கள் வீட்டு மேசையில்தான். தெருவில் இவருக்கு 'வாங்கண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் ஒரு பெயர் உண்டு, 'போங்கக்கா' என்று. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

இவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. வந்தவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. பேர் என்ன, எந்த ஊர், என்ன விஷயமாக வந்தீர்கள், எதுவும் கூடாது. "கேள்வி கேட்டுட்டுச் சோறு போட்டா அது விசாரணை. வந்தவரு ஆண்டவன் அனுப்பின ஆளு. ஆண்டவன்கிட்ட நீ அட்ரஸ் கேப்பியா?" என்பார். வந்தவரும் வாயைத் திறந்து வந்த விஷயத்தைச் சொல்லக் கூடாது. சொல்ல வாயெடுத்தால் குறுக்கே கையை நீட்டிக் குழம்பை ஊற்றிவிடுவார். எங்கள் மொட்டை மாடித் தொட்டி வழிந்து தெருவெல்லாம் வெள்ளமாக ஓடுகிறது என்று சொல்ல வந்த எதிர்வீட்டுக்காரர், அதைச் சொல்வதற்குள் இரண்டாவது தடவை சோறு வாங்கியிருந்தார்.

இவர் உட்கார்ந்து கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பரிமாறுவதுதான் இவருக்குக் கும்பிடுவது. கிரீஸ் போகாத அந்த விரல்களைத் திரும்பத் திரும்ப சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். வந்தவர் முன்னால் குனிந்து தட்டு வைக்கும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சமைக்கிறது யார்? நான். பாத்திரம் தேய்க்கிறது யார்? நான். புண்ணியம் மட்டும் அவருக்கா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன். "உன் முணுமுணுப்பையும் சேத்துதான் ஆண்டவன் சாப்பிடறாரு. அதான் காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் பத்திக்கொண்டு வரும்.

பிறகு மறதி வந்தது. முதலில் ஸ்பானரை வைத்த இடம் மறந்தார். அப்புறம் ஸ்பானர் எதற்கு என்பதையே மறந்தார். மகள் பெயர் போயிற்று. என் முகம் போயிற்று. சில நாள் என்னைச் சமையலுக்கு வந்த அம்மா என்று நினைத்துக்கொண்டு, "உங்க வீட்ல தேட மாட்டாங்களா? இருட்டறதுக்குள்ள கிளம்புங்க" என்பார். எங்கே கிளம்புவது? எல்லாம் போன பிறகும் அந்த 'வாங்க, வாங்க' மட்டும் போகவில்லை. தெருவில் இறங்கினால் போதும், யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் கதவைப் பூட்ட ஆரம்பித்தேன்.

பூட்டியும் ஒரு நாள் நழுவிவிட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பால்காரரிடம் நான் பேச்சில் மூழ்கியிருந்த நேரம். கடைத்தெருவில் மருந்துக் கடை முன்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டு நின்றிருக்கிறது. அதன் தாய் உள்ளே மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். இவருக்கு என்ன தெரியும்? பசிக்கு அழுகிறது என்று நினைத்து, "வா கண்ணு, சாப்பிடலாம்" என்று தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். பிள்ளை பிடிக்கிறவன் என்று கூட்டம் பாய்ந்துவிட்டது. நான் முழங்கால் வலியோடு விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தபோது, சட்டை கிழிந்து, உதடு பிளந்து, தரையில் உட்கார்ந்திருந்தார். அடித்தவர்களைப் பார்த்து அப்போதும், "வெயில்ல நிக்கறீங்களே, வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருத் தையல்காரரும் இருந்தார். பிழைப்பில்லாமல் கிடந்த காலத்தில் மாதக்கணக்கில் எங்கள் மேசையில் சாப்பிட்ட மனுஷன். "இவரை எனக்குத் தெரியும், விடுங்க" என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. சுவரோடு சுவராக நின்றிருந்தார். பயமாகிவிட்டதாம். பயமாம், பயம்! நான் அன்றைக்கு அவரைத் திட்டக்கூட இல்லை. இவருடைய உதட்டு ரத்தத்தை என் முந்தானையால் துடைத்தபோது ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. அடுத்த தடவை கொன்றுவிடுவார்கள். என்னால் ஓடிப் பிடிக்க முடியாது. கட்டிப்போட மனசு வராது. வேறு என்னதான் செய்வேன்?

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று கடவுளையே வாய்க்கு வந்தபடி திட்டினேன். "உன் பேரைச் சொல்லித்தானே இந்த மனுஷன் ஆயுசு பூரா சோறு போட்டாரு? 'வாங்க'ன்னு சொன்ன அந்த வாயில அடி வாங்க வச்சியே, நீயெல்லாம் ஒரு சாமியா?" என்றேன். திட்டிவிட்டு அழுதேன். அழுதுவிட்டு, ஒரு வழி காட்டு, ஒரே ஒரு வழி காட்டு என்று கெஞ்சினேன். வழி ஒன்றும் வரவில்லை. வண்டிதான் வந்தது.

வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் டிரைவர், வெயிலில் வற்றிப்போன முகம். இன்னொருவர் இல்லத்து நர்ஸம்மா, கனத்த உடம்பு, கறாரான பார்வை. நான் கதவைத் திறந்ததுதான் தாமதம், என்னைத் தள்ளிக்கொண்டு இவர் முன்னால் வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க! என்ன இவ்ளோ லேட்டு? உள்ள வாங்க."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "அம்மா, நாங்க இல்லத்துலேர்ந்து..."

"அதெல்லாம் அப்புறம்" என்று இவர் கையை நீட்டி மறித்தார். "முதல்ல சாப்பாடு. கை கழுவுற இடம் அந்தப் பக்கம்."

"இல்லைங்கய்யா, டைம் இல்ல. உடனே திரும்பணும்."

"டைம் எங்க ஓடிப்போகுது? வயிறு காஞ்சுகிட்டு என்ன பேச்சு?"

நர்ஸம்மா மறுபடியும் என்னைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற மாதிரி. எனக்கு அப்போது பளிச்சென்று ஒன்று பட்டது. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இவரிடம் எதுவும் பேச முடியாது. பேசாமல் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் இவர் இங்கேயே இருப்பார்.

"இது எங்க வீட்டு வழக்கம்மா" என்றேன். "சாப்பிட்டுட்டுத்தான் பேச்சு. இல்லன்னா அவரு ரகளை பண்ணிடுவாரு. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்."

ரகளை பண்ணுவாராம்! எறும்பிடம்கூடக் குரலை உயர்த்தாத மனுஷன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

பழைய கதவுப் பலகைக்குக் கால் அடித்து இவரே செய்த மேசை அது. இருவரும் உட்கார்ந்தார்கள். இவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார், நான் நிமிர்த்தினேன். தண்ணீர் டம்ளரில் பருப்பை ஊற்றப் போனார், நான் சட்டென்று கிண்ணத்தை நகர்த்தி அடியில் பிடித்தேன். சோற்றை மேசை மேலேயே வைத்தார், நான் அள்ளித் தட்டில் போட்டேன். எந்தக் கரண்டி எதற்கு என்பது போய்விட்டது. ஆனால் குனிந்து வைக்கிற அந்தக் குனிவு போகவில்லை. வந்தவர் முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று கண்ணாலேயே கேட்கிற அந்த மரியாதை போகவில்லை. டிரைவர் முதல் வாய் எடுத்ததும் இவர் முகம் மலர்ந்ததே!

டிரைவர் பாவம், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை போலிருக்கிறது. தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். நான் விடவில்லை. சோறு குறைந்ததும் இன்னொரு உலை வைத்தேன். வீட்டிலிருந்த முட்டையையெல்லாம் உடைத்து ஊற்றிப் பொரித்தேன். கிழங்கை உரித்து நறுக்கி வதக்கினேன். கீரையை ஒவ்வொரு இலையாகத் தண்ணீரில் அலசினேன், அவ்வளவு நிதானமாக நான் ஜென்மத்தில் கீரை கழுவினதில்லை. "தோ ஆயிடுச்சு, தோ ஆயிடுச்சு, எழுந்துடாதீங்க" என்று அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். 'போங்கக்கா' என்று பெயர் வாங்கினவள், போகாதீர்கள் என்று தொங்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முழு மனசோடு பரிமாறினேன். இவர் எப்படிக் குனிவாரோ அப்படியே நானும் குனிந்தேன். இந்த இரண்டு பேர் எழுந்துவிடக் கூடாதே என்று என் உயிரையே அந்தத் தட்டில் போட்டேன்.

"போதும்மா, வயிறு வெடிச்சிடும்" என்றார் டிரைவர்.

"இவ்ளோதானா? வண்டி ஓட்டுற ஆளு" என்று இவர் இன்னொரு கரண்டி வைத்தார். டிரைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி குழம்பை ஊற்றினேன்.

நர்ஸம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் குழாயடியில் தட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்க எதுக்குப் போட்டுக்கிட்டே இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது" என்றார் திரும்பாமலேயே.

"புரிஞ்சா போய் உக்காந்து சாப்பிடுங்க."

"பாத்திரத்துல என்ன இருக்கு, சாப்பிட?"

பார்த்தேன். சோற்றுப் பானையில் ஒரு பருக்கை இல்லை. குழம்புச் சட்டி வழித்தாகிவிட்டது. அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன், அடியில் தூசிதான். மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"நாளைக்கு வாங்களேன்" என்றேன். "ஒரு நாள்தானே. உங்க கால்ல வேணா விழறேன்."

"நாளைக்கும் இதைத்தான் சொல்வீங்க." அந்தக் கறாரான கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. திட்டினாலாவது நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "உங்க பொண்ணு நடந்ததைச் சொன்னாங்க. அவரு உதட்டையும் பாத்தேன்மா. இன்னொரு தடவை அது நடந்தா நீங்க தாங்குவீங்களா?"

அரிசி டின்னை மூடி வைத்தேன்.

வெளியே வந்தபோது டிரைவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இவர், முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ரொம்ப ஆசையாக.

"இப்பச் சொல்லுங்க. எந்த ஊரு? என்ன விஷயமா வந்தீங்க?"

டிரைவர் தலை குனிந்தார். சாப்பிட்ட வீட்டில் அதைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? நர்ஸம்மாதான் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னார்.

"உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான்யா வந்தோம்."

"என்னையா?" இவர் சிரித்தார். "நான் எப்படி வர்றது? இப்ப ஆளுங்க வந்துடுவாங்களே. யாரு போடறது? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"ஐயா, வாங்க. வண்டி நிக்குது."

"அட, இல்லைங்கறேன்ல."

வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு கால் வைத்ததும் டிரைவர் மெதுவாகத் தோளைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை, பொய் சொல்லக் கூடாது, மரியாதையாகத்தான் பிடித்தார். ஆனால் பிடித்த அந்த நொடியில் இவர் முகம் மாறிவிட்டது. ஒரு கையால் கேட் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார்.

அடிவிழும் என்று நினைத்துவிட்டார். மகள் பெயர் மறந்துவிட்டது, பெண்டாட்டி முகம் மறந்துவிட்டது, அந்த அடி மட்டும் மறக்கவில்லை.

"கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. "தொடாதீங்க அவரை!"

டிரைவர் சூடு பட்ட மாதிரி கையை எடுத்தார். அதற்குள் வாசல்களில் தலைகள் முளைத்துவிட்டன. அந்தத் தையல்காரரும் கழுத்தில் அளவு டேப்போடு தன் கடை வாசலில் வந்து நின்றார். அடக்கி வைத்ததெல்லாம் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"என்னய்யா, வேடிக்கை பாக்க வந்துட்டியா? அன்னைக்குப் பாத்தது பத்தலையா? நல்லாப் பாரு! உனக்குச் சோறு போட்ட கை இது, எப்படி நடுங்குது பாரு!"

தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் நின்றார். அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது? இவர் பிடி தளரவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. நர்ஸம்மா என்னிடம் குனிந்து, "அம்மா, ஊசி போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்னா..." என்று ஆரம்பித்தார். மயங்கவைத்து, மூட்டை மாதிரி தூக்கிப் போவார்களா? என் வீட்டு வாசலிலிருந்தா?

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

"ஏங்க, அவங்க இடத்துல நெறைய பேரு இன்னும் சாப்பிடலையாம். எடுத்துப் போட ஆள் இல்லையாம். உங்களைக் கூப்பிட வந்திருக்காங்க."

இவர் வாயிலிருந்து கையை எடுத்தார். "சாப்பிடலையா?"

"ஆமாங்க."

"அட, அதை அப்பவே சொல்லக் கூடாதா?" கேட்டை விட்டுவிட்டார். என் மேல் ஒரே கோபம். "நாம இங்க முட்டை பொரிச்சு விருந்து நடத்திக்கிட்டிருக்கோம், அங்க ஜனம் பசியோட உக்காந்திருக்கு! நல்ல ஆளும்மா நீங்க!"

வாசல் குழாயைத் திறந்து அவசர அவசரமாகக் கை கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கழுவிவிட்டு ஈரக் கையோடு தானாகவே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு நல்ல குணம்தான். அதையே தூண்டில் புழுவாக மாட்டி அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். கடவுளே, கூட்டம் அடித்தது உதட்டில், நான் அடித்தது எங்கே?

வண்டிக்குள்ளிருந்து இவர் கூப்பிட்டார். "என்ன நிக்கறீங்க? நீங்களும் வாங்க. தனியா எப்படிப் போடறது?"

நர்ஸம்மா தயங்கினார். "அம்மா, அங்க தங்குறதுக்கு..."

"தங்க வரல. அவர் கூப்பிடறாரு, வரேன். சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன்" என்று வாசலில் கட்டி வைத்திருந்த இவருடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். வீட்டைப் பூட்டினேனா என்பதுகூட நினைவில்லை. தையல்காரர் ஓடிவந்து பையை உள்ளே நகர்த்தி வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்க, நீங்களும் வாங்க" என்றார் இவர் அவரிடம். அந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். கதவு சாத்தப்பட்டது.

அங்கே போய் இறங்கினால், எல்லாரும் சாப்பிட்டு முடித்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். "எங்க பசியோட இருக்கிறவங்க?" என்று கேட்பார். என்ன சொல்வேன்? வழியெல்லாம் இன்னொரு பொய் யோசித்துக்கொண்டே போனேன்.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் மேசைகள், டெட்டால் வாசனை, மேலே கடகடவென்று சுற்றுகிற மின்விசிறிகள். மேசைக்கு மேசை பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சோறு போட்டு வைத்திருந்தது. யாரோ ஒருவர் இருவர் தவிர ஒருவரும் சாப்பிடவில்லை. குழம்பின் மேல் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. ஒரு பெரியவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எதற்கு என்று தெரியாத மாதிரி. ஓர் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி ஊட்டிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி கீழே கொட்டினதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இருக்கிற இரண்டு கையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வார்கள்?

நான் சொன்னது பொய் என்றா நினைத்தேன்?

இவர் கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். நேராகக் கை கழுவுகிற இடம் எங்கே என்று தேடிப் போனார். வந்து, வாயை மூடிக்கொண்டிருந்த அந்த அம்மா முன்னால் நின்று, குனிந்தார்.

"வாங்க, வாங்க. ரொம்ப நேரமாக் காக்க வச்சிட்டோம். மன்னிச்சுக்கணும்."

அந்த அம்மா ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார். யாரோ தம்மை விருந்தாளியாக நினைத்துப் பேசுகிறார் என்பது எங்கேயோ போய் உறைத்திருக்க வேண்டும். வாய் உடனே திறக்கவில்லை. இவரும் அவசரப்படவில்லை. ஆறின சோற்றை எடுத்துவிட்டுச் சூடாகக் கொண்டுவரச் சொன்னார். நான் ஓடினேன். இல்லத்துச் சமையலறையில் புகுந்து, யாரையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பைச் சுட வைத்தேன். சமையல்கார அம்மா என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும்.

அப்புறம் எங்கள் வீடு மாதிரியே ஆகிவிட்டது. இவர் டம்ளரில் சோற்றைப் போடுவார், நான் தட்டுக்கு மாற்றுவேன். ஒரு பெரியவர் தட்டைத் தட்டிவிட்டார், குழம்பு இவர் சட்டையெல்லாம் தெறித்தது. "சூடு பத்தல, அதான் கோபம்" என்று சிரித்துக்கொண்டே வேறு தட்டு வைத்தார். அந்த அம்மா ஒரு வாய் வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு வாய்தான், பிறகு மூடிக்கொண்டார். அதற்கே ஊட்டிக்கொண்டிருந்த பெண் வாயில் கை வைத்து நின்றுவிட்டாள். வாசலில் டிரைவர் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடவுளைப் பார்த்து மனசுக்குள், உன்னோடு எனக்குச் சண்டை இன்னும் தீரவில்லை, அது வேறு, இப்போது கை வேலையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சோற்றை அள்ளினேன்.

எல்லாம் ஓய்ந்தது. நர்ஸம்மா என் தோளைத் தொட்டார். "அவரு அந்தப் பக்கம் திரும்பியிருக்காரு. இப்பவே கிளம்பிடுங்கம்மா. தேட மாட்டாரு."

தேட மாட்டார். அது எனக்கும் தெரியும். தெரிந்ததைச் சொன்னால்கூட இப்படியா வலிக்கும்? துணிப்பையில் சட்டையெல்லாம் இருக்கிறது, உதட்டுக்குத் தடவுகிற மருந்து இருக்கிறது, வெந்நீர்தான் குடிப்பார், எல்லாவற்றையும் நர்ஸம்மாவிடம் சொன்னேன். சொன்னதையே திரும்பவும் சொன்னேன். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பின்னால் அவசரமான காலடி கேட்டது. திரும்பினேன். குழம்புக் கறை படிந்த சட்டையோடு இவர் வந்துகொண்டிருந்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். தெரிந்துவிட்டால் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது, நடப்பது நடக்கட்டும் என்று அந்த நொடியில் முடிவே செய்துவிட்டேன்.

"சொல்லாமக்கொள்ளாமக் கிளம்பிட்டீங்களே" என்றார். "ரொம்ப ஒத்தாசையா இருந்தீங்க. அடிக்கடி வரணும்."

"வரேங்க."

"அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவரும் ஒரு வாய் சாப்பிடட்டும்."

இவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு நின்றார்.

"அவரு எல்லாரும் சாப்பிட்ட பிறகுதாங்க சாப்பிடுவாரு."

"அப்படியா? நல்ல மனுஷனா இருப்பாரு போலிருக்கே."

"ரொம்ப நல்ல மனுஷங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்துக்கு நேராக நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.